குடல் டெஸ்டுக்கு எங்கே போவது? போனில் ரூ.4,500... பில்லில் ரூ.12 ஆயிரம்!

மதுரை:

மலத்தோடு ரத்தம் போகிறது. டாக்டரிடம் காட்டினால், "கொலோனோஸ்கோபி எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதி கொடுக்கிறார். சீட்டை கையில் வாங்கியவர் முதலில் கேட்பது, "வலிக்குமா?" என்று அல்ல. "எவ்வளவு ஆகும்?" என்று தான்.

மதுரையில் இந்த கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பெரியாஸ்பத்திரியில் காசு இல்லை. சின்ன எண்டோஸ்கோபி சென்டர்களில் ரூ.4 ஆயிரம், ரூ.5 ஆயிரம் என்கிறார்கள். பெரிய தனியார் ஆஸ்பத்திரி என்றால் ரூ.8 ஆயிரத்தில் ஆரம்பித்து, மயக்க மருந்து, சதை பரிசோதனை என எல்லாம் சேர்ந்தால் ரூ.15 ஆயிரத்தையும் தாண்டி போகும். சென்னை, கோவையிலும் இதே கதை தான்.

ஒரே டியூப், ஒரே குடல். விலை மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? எங்கே போனால் நல்லது? தினக்கூலியை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு இது சாதாரண கேள்வி அல்ல. காசுக்கு பயந்து டெஸ்டை தள்ளிப்போட்டு, கடைசியில் ஆபரேஷன் மேஜைக்கு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அது என்ன டெஸ்ட்?

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்து விடலாம். வாய் வழியாக டியூப் விட்டு இரைப்பையை பார்ப்பது எண்டோஸ்கோபி. ஆசனவாய் வழியாக டியூப் விட்டு பெருங்குடலை பார்ப்பது கொலோனோஸ்கோபி. இரண்டும் வேறு. இரண்டுக்கும் ரேட்டும் வேறு.

போனில் "எண்டோஸ்கோபி எவ்வளவு?" என்று கேட்டு, இரண்டாயிரம் சொச்சம் என்றதும் சந்தோஷப்பட்டு கிளம்பி போய், அங்கே கவுன்ட்டரில் "இது கொலோனோஸ்கோபில்ல... அதுக்கு தனி ரேட்டு" என்று கேட்டு முழிப்பவர்கள் உண்டு. சீட்டில் என்ன எழுதி இருக்கிறது என்று எழுத்து கூட்டி படித்து விட்டு போன் போடுவது நல்லது.

நம் பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். விரல் தடிமனில் வளைந்து கொடுக்கும் டியூப். அதன் முனையில் கேமராவும், விளக்கும் இருக்கும். உள்ளே புண், கட்டி, ரத்தக்கசிவு இருக்கிறதா என்று டாக்டர் டி.வி. திரையில் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் அங்கேயே துளி சதை கிள்ளி எடுத்து லேப்புக்கு அனுப்புவார். இது தான் பயாப்சி. 'பாலிப்' என்கிற சின்ன சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே வெட்டி எடுத்து விட முடியும். டெஸ்ட் பொதுவாக அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்தில் முடிந்து விடும்.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இந்த பாலிப்பில் இருந்து தான் தொடங்குகிறது. பாலிப் புற்றாக மாற பல வருடங்கள் ஆகும். அதற்குள் வெட்டி எடுத்து விட்டால் வினை முடிந்தது. மற்ற ஸ்கேன்களுக்கு இல்லாத வசதி இது. நோயை பார்ப்பதும், எடுப்பதும் ஒரே டியூபில் நடக்கிறது.

"மூலமா தான் இருக்கும்ணே"

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் 48 வயது தொழிலாளி ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்வோம். தினமும் ரூ.800 கூலி. 2 மாதமாக மலத்தில் ரத்தம். சக தொழிலாளியிடம் சொன்னால் என்ன பதில் வரும்? "வெயிட்டு தூக்குறோம்ல... மூலமா தான் இருக்கும்ணே. கருணைக்கிழங்கு சாப்பிடு, சரியா போகும்."

பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ரத்தம் போகும் எல்லோருக்கும் புற்றுநோய் கிடையாது. மூலம், ஆசனவாய் வெடிப்பு தான் அதிகம் பேருக்கு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மூலத்து ரத்தமும் கட்டியில் இருந்து வரும் ரத்தமும் வெளியில் பார்க்க ஒன்று போலவே இருக்கலாம். மூலமும் இருந்து, உள்ளே கட்டியும் இருக்கலாம். பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் தான் பஸ் ஸ்டாண்டு சுவர் போஸ்டர்கள் வேலையை காட்டுகின்றன. "மூலம், பவுத்திரம்... ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்" என்ற போஸ்டர் ஒட்டாத கழிப்பறை தமிழ்நாட்டில் உண்டா? படிக்காத ஆட்கள் ஊசி போட்டு, மருந்து தடவி, ஆயிரக்கணக்கில் கறந்து விடுகிறார்கள். கொலோனோஸ்கோபிக்கு ரூ.5 ஆயிரமா என்று மலைத்தவர், அங்கே தவணை தவணையாக அதைவிட அதிகமாக கொடுத்து இருப்பார். காசு போனது கூட பரவாயில்லை. 6 மாதம், 8 மாதம் வீணாக போய் விடுவது தான் கொடுமை.

யார் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதில் டாக்டர்களிடம் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 40 வயதை தாண்டியவருக்கு ரத்தம் போனால், மலம் போகும் பழக்கம் சில வாரங்களாக மாறிப்போனால், காரணம் இல்லாமல் எடை குறைந்தால், ஆணுக்கு ரத்தசோகை இருந்தால், பெற்றோர், கூடப்பிறந்தவர்களுக்கு குடல் புற்றுநோய் வந்திருந்தால் தள்ளிப்போடக் கூடாது. சின்ன வயது என்பதற்காக தப்பித்து விட்டதாகவும் நினைக்கக் கூடாது. ஆசனவாயை டாக்டர் கையால் பரிசோதித்து விட்டு முடிவு சொல்வார். அதற்கு வெட்கப்பட்டால் ஆகாது.

ரத்தம் நிற்காமல் கொட்டுகிறது, தலை சுற்றுகிறது, மலம் தார் போல கருப்பாக போகிறது என்றால் ரேட் விசாரித்துக் கொண்டு இருக்கக் கூடாது. 108-க்கு போன் செய்து நேராக அவசர சிகிச்சை பிரிவுக்கு போக வேண்டும்.

பில் எப்படி ஏறுகிறது?

மறுபடியும் நம் மூட்டை தொழிலாளியிடம் வருவோம். அவர் ஒரு சென்டருக்கு போன் போடுகிறார். "நாலாயிரத்து ஐநூறு சார்" என்று பதில் வருகிறது. இன்னொரு ஆஸ்பத்திரியில் கேட்டால், "எட்டாயிரத்து ஐநூறு. பேக்கேஜ் ரேட்டு" என்கிறார்கள். யாராக இருந்தாலும் முதல் இடத்துக்கு தானே போவார்கள்?

இனி தான் விஷயமே இருக்கிறது. போனில் சொன்ன ரூ.4,500 என்பது டியூப் விட்டு பார்க்க மட்டும். அதற்கு முன்பு டாக்டர் பீஸ் ரூ.500. ரத்த பரிசோதனை, இ.சி.ஜி. சேர்த்து ரூ.1,500. வயிறு சுத்தம் செய்யும் பவுடர் ரூ.400. தூக்கம் வர ஊசி போட மயக்க டாக்டர் வந்தால் ரூ.2,500. சதை கிள்ளி எடுக்க ரூ.1,000. அந்த சதையை லேப்பில் பார்க்க ரூ.1,500. கூட்டினால் ரூ.11,900 வருகிறது.

இரண்டாவது இடத்தில் ரூ.8,500-க்குள் டாக்டர் பீஸ், ரத்த பரிசோதனை, மயக்க ஊசி, சதை எடுப்பது எல்லாம் அடக்கம். பவுடரும், லேப் செலவும் மட்டும் தனி. மொத்தம் ரூ.10,400. "விலை அதிகம்" என்று ஒதுக்கிய இடம் ரூ.1,500 குறைவாக முடிகிறது!

இது ஒரு மாதிரி கணக்கு தான். தொகை இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பேக்கேஜ் என்று சொல்லி தேவையில்லாத ஸ்கேனையும் சேர்த்து கட்டி விடுவதும் நடக்கிறது. அதனால் பேக்கேஜ் தான் நல்லது என்றும் அடித்து சொல்ல முடியாது. ஆனால் பில் ஏறும் விதம் எல்லா ஊரிலும் இது தான்.

பாலிப் இருந்தால் கணக்கு இன்னும் மாறும். அதை எடுக்க கம்பி வளையம், சில நேரம் கிளிப் தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. டியூப் உள்ளே இருக்கும்போது, வெளியே நிற்கும் மனைவியிடம் வந்து "பாலிப் இருக்கு, எடுக்கணும், இன்னும் இவ்வளவு கட்டணும்" என்றால் அந்த அம்மா என்ன செய்வார்? கழுத்தில் கிடப்பதை பார்ப்பார். எனவே இதை முன்கூட்டியே கேட்டு விட வேண்டும்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி தான். "மயக்க ஊசி, சதை எடுக்கிறது, லேப் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து, கைக்கு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் மொத்தம் எவ்வளவு? பாலிப் இருந்தா கூடுதலா எவ்வளவு?" இந்த பதிலை ஒரு சீட்டில் எழுதி தரச்சொல்லி கேட்கலாம். எழுதி தர தயங்கும் இடத்தை பற்றி வேறு சொல்ல வேண்டியது இல்லை.

பெரியாஸ்பத்திரி நிலவரம்

கோரிப்பாளையம் அருகே உள்ள அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு மதுரை மட்டும் அல்ல, தேனி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று பல மாவட்ட ஜனங்களும் வருகிறார்கள். குடல், ஈரல் நோய்களுக்கு தனி பிரிவு இருக்கிறது. டெஸ்டுக்கு பில் கிடையாது. சதை பரிசோதனையும் அங்கேயே.

அப்படியானால் எல்லோரும் அங்கேயே போகலாமே? கூட்டம் தான் பிரச்சினை. முதல் நாள் ஓ.பி. சீட்டு போட்டு, பொது பிரிவில் காட்டி, அங்கிருந்து குடல் நோய் பிரிவுக்கு அனுப்புவார்கள். ரத்த பரிசோதனை எடுத்து வர வேண்டும். பிறகு தேதி கொடுப்பார்கள். அந்த தேதி சில நாளிலும் வரலாம், சில வாரமும் ஆகலாம். ரிப்போர்ட் வாங்க மறுபடியும் ஒரு நாள்.

மூட்டை தொழிலாளிக்கு இதில் 5 நாள் கூலி போகிறது என்று வைத்தால் ரூ.4 ஆயிரம். டெஸ்ட் அன்று கூட ஆள் இல்லாமல் செய்ய மாட்டார்கள். மனைவி ரூ.500 கூலி வேலையை 2 நாள் விட்டால் ரூ.1,000. பஸ், சாப்பாடு ரூ.600. ஆக "இலவச" டெஸ்டுக்கு ரூ.5,600 செலவு.

தனியாரில் மட்டும் கூலி போகாதா என்ன? வயிறு சுத்தம் செய்யும் நாள், டெஸ்ட் நாள், ரிப்போர்ட் நாள் என்று 3 நாள் கணக்கில் ரூ.2,400. மனைவிக்கு ஒரு நாள் ரூ.500. அதோடு ஆஸ்பத்திரி செலவு ரூ.10,400. மொத்தம் ரூ.13,300. அலைச்சலையும் காசாக்கி பார்த்தால் கூட பெரியாஸ்பத்திரி பாதி செலவுக்கும் குறைவு தான். வட்டிக்கு வாங்கி தனியாருக்கு ஓடுகிறவர்கள் இந்த கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

காசு கணக்கு இப்படி இருந்தாலும் நாள் கணக்கு வேறு. எடை குறைகிறது, ரத்தசோகை இருக்கிறது, 2 மாதமாக ரத்தம் போகிறது என்ற நிலையில், தேதி மட்டும் ஒன்றரை மாதம் தள்ளி கிடைத்தால் சும்மா திரும்பி வரக் கூடாது. பிரிவில் உள்ள பெரிய டாக்டரை பார்த்து, என்னென்ன தொந்தரவு என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். "கொஞ்ச நாளா வயிறு சரியில்ல சார்" என்று மென்று முழுங்கினால் சாதாரண வரிசையில் தான் நிற்க வேண்டும். "ரெண்டு மாசமா ரத்தம் போகுது, ஆறு கிலோ குறைஞ்சிட்டேன்" என்றால் கேஸ் அவசரமானது என்று டாக்டருக்கு புரியும்.

அப்படியும் தேதி முன்னே வரவில்லை என்றால், டெஸ்டை மட்டும் வெளியே எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு பெரியாஸ்பத்திரிக்கே திரும்பி வந்து மேல் சிகிச்சை பார்க்கலாம். வெளியே டெஸ்ட் எடுத்தால் ஆபரேஷனும் அங்கேயே தான் செய்ய வேண்டும் என்று எந்த சட்டமும் இல்லை. சிலர் அப்படி நினைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் மாட்டிக் கொள்கிறார்கள்.

சிவகங்கை, தேனிக்காரர்கள் மதுரைக்கு பஸ் ஏறும் முன்பு சொந்த ஊர் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். விருதுநகரிலும், ராமநாதபுரத்திலும் 2022-ல் மருத்துவக்கல்லூரிகள் வந்து விட்டன. டெஸ்ட் அங்கேயே நடக்கிறதா என்று 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்டு விட்டு கிளம்பினால் ஒரு நாள் கூலி மிச்சம்.

காப்பீடு கை கொடுக்குமா?

முதலமைச்சரின் மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் வருடத்துக்கு ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு உள்ளே வருமானம் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு வருடம் ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. ஆனால் கார்டை நீட்டினால் எல்லா டெஸ்டும் ஓசி என்று அர்த்தம் இல்லை. திட்டத்தில் உள்ள சிகிச்சை பட்டியலை பொறுத்தது. டெஸ்டுக்கு மட்டும் கார்டு செல்லுமா என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுன்ட்டரில், டெஸ்ட் எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். 1800 425 3993 என்ற எண்ணில் இலவசமாக விசாரிக்கலாம். டெஸ்டில் ஏதாவது தெரிந்து ஆபரேஷன் என்றால் இந்த கார்டு தான் குடும்பத்தை காப்பாற்றும். இன்னும் வாங்காதவர்கள் வருமான சான்றிதழ், ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்துக்கு போய் வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

மில், கம்பெனி, கடை வேலைக்காரர்கள் பலர் மறந்து விடுவது இ.எஸ்.ஐ.யை. மாத சம்பளம் ரூ.21 ஆயிரம் வரை உள்ளவர்களுக்கு 2017 முதல் இந்த உச்சவரம்பு நடைமுறையில் உள்ளது. சம்பளத்தில் 100-க்கு 75 காசு பிடிக்கிறார்களே, அந்த காசு இதற்கு தான். தொழிலாளிக்கு மட்டும் அல்ல, மனைவி, பிள்ளைகளுக்கும், அவரை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. டிஸ்பென்சரியில் காட்டி, தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு சீட்டு வாங்க வேண்டும். அங்கே வசதி இல்லாத சிகிச்சை என்றால் வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதி கொடுப்பார்கள். அந்த கடிதம் இல்லாமல் நேராக தனியாருக்கு போய் விட்டு பில்லை கொண்டு வந்தால் காசு கிடைப்பது குதிரைக்கொம்பு.

தனியார் காப்பீட்டு கம்பெனிகளில் பாலிசி எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "ஒரு நாள் அட்மிட் ஆயிடுங்க, கிளைம் பண்ணிடலாம்" என்று சொல்வதை நம்பி படுத்து விடக் கூடாது. வெறும் டெஸ்டுக்காக அட்மிஷன் ஆனால் பணம் தர மாட்டோம் என்பது பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. கிளைம் தள்ளுபடி ஆனால் ரூம் வாடகையும் சேர்ந்து தலையில் விழும். அதேசமயம் டெஸ்டில் நோய் தெரிந்து, அதற்காகவே பிறகு ஆபரேஷன் நடந்தால், அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் அல்லது 60 நாள் செலவை தரும் பாலிசிகள் இருக்கின்றன. அதற்கு டெஸ்ட் பில் கையில் இருக்க வேண்டும். பில்லை தூக்கி போட்டு விட்டால் கதை முடிந்தது.

அரசு விலை நிர்ணயம் செய்யக் கூடாதா?

டீக்கடையில் கூட விலைப்பட்டியல் தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் ஏன் இல்லை? நியாயமான கேள்வி தான்.

மத்திய அரசின் 2010-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டமும், 2012-ல் வந்த விதிகளும், கட்டணத்தை மக்கள் பார்க்கும்படி உள்ளூர் மொழியிலும், ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அந்த சட்டத்தை ஏற்ற மாநிலங்களுக்கு தான் அது பொருந்தும். தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. இங்கே 1997-ம் ஆண்டு போட்ட மாநில சட்டம் இருக்கிறது. 2018-ல் அது திருத்தப்பட்டது. ஆஸ்பத்திரி பதிவு செய்ய வேண்டும், இன்னின்ன வசதி இருக்க வேண்டும் என்பதே அதில் முக்கியம். கொலோனோஸ்கோபிக்கு இவ்வளவு தான் வாங்க வேண்டும் என்று யாரும் நிர்ணயம் செய்யவில்லை.

2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு இந்த விவகாரத்தில் மத்திய அரசை கடுமையாக கேள்வி கேட்டது. கட்டணத்தை நிர்ணயம் செய்யாவிட்டால், மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். கட்டணத்தை இடைக்காலமாக அமல்படுத்துவது பற்றி பரிசீலிப்போம் என்றும் கூறியது. தனியார் ஆஸ்பத்திரிகள் சங்கங்கள் இதை எதிர்த்தன. எல்லா ஊரிலும் ஒரே ரேட் சாத்தியம் இல்லை, டாக்டரின் திறமைக்கும், மெஷினுக்கும் விலை உண்டு என்பது அவர்கள் வாதம். முழுக்க தள்ளி விட முடியாத வாதம் தான். ஆனால் விலையை முன்கூட்டியே எழுதி ஒட்டுவதற்கு அது எப்படி தடை ஆகும்?

மனது வைத்தால் முடியாதது இல்லை. 2020 ஜூனில் கொரோனா சிகிச்சைக்கு தனியார் ஆஸ்பத்திரிகள் வாங்கக்கூடிய உச்ச கட்டணத்தை தமிழ்நாடு அரசு அறிவித்தது. தீவிர சிகிச்சை பிரிவுக்கு ஒரு நாளைக்கு ரூ.15 ஆயிரம் என்று அப்போது வரம்பு வைத்தார்கள்.

அந்த சி.ஜி.எச்.எஸ். கட்டணம் 2025 அக்டோபர் 13 முதல் மாற்றி அமைக்கப்பட்டது. பட்டியல் இணையதளத்தில் இருக்கிறது. அந்த ரேட்டுக்கு தான் செய்ய வேண்டும் என்று பொதுமக்கள் தனியாரை கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் ஒரு அளவுகோலாக பயன்படும். அரசு ஊழியருக்கு அந்த ரேட்டில் செய்யும் அதே ஆஸ்பத்திரி, மூட்டை தொழிலாளியிடம் மூன்று மடங்கு கேட்டால் ஏன் என்று கேட்கலாம் இல்லையா? செல்போனில் பார்த்து சொல்ல வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் போதும்.

குறைந்த விலையா? நல்ல கையா?

ரேட்டை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்வதிலும் ஆபத்து இருக்கிறது. இந்த டெஸ்ட் மெஷின் மட்டும் செய்வது அல்ல. கை வேலை. டியூப் பெருங்குடலின் கடைசி முனை வரை, அதாவது சிறுகுடல் வந்து சேரும் இடம் வரை போக வேண்டும். பாதியில் நிறுத்தி விட்டு "நார்மல்" என்று ரிப்போர்ட் கொடுத்தால் அந்த காசு தண்டம். கடைசி வரை போனதற்கு ரிப்போர்ட்டில் போட்டோ இருக்கும். டாக்டரிடம் "கடைசி வரைக்கும் போயிருச்சா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். டியூபை திரும்ப எடுக்கும்போது நிதானமாக, குறைந்தது 6 நிமிடமாவது பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்பது இந்த துறையில் உள்ள நடைமுறை.

டெஸ்டை செய்வது குடல் நோய் டாக்டரா அல்லது இதில் பழக்கம் உள்ள சர்ஜனா, வாரத்துக்கு எத்தனை பேருக்கு செய்கிறார், மயக்க ஊசி என்றால் பக்கத்தில் ஆக்சிஜனும், மயக்க டாக்டரும் இருக்கிறார்களா, ஒருவருக்கு விட்ட டியூபை அடுத்தவருக்கு விடும் முன்பு முறைப்படி சுத்தம் செய்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். குடலில் ஓட்டை விழுவது மிக அபூர்வம். ஆனால் விழுந்தால் உடனே ஆபரேஷன் தேவைப்படலாம். சின்ன சென்டர் என்றால் அந்த நேரத்தில் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் கேட்டு வைக்கலாம்.

இன்னொரு சங்கதி. "இந்த சென்டர்ல தான் எடுக்கணும்" என்று சிலர் பிடிவாதமாக எழுதி கொடுப்பார்கள். அங்கே ரிப்போர்ட் தரமாக இருக்கும் என்பதும் காரணமாக இருக்கலாம். கமிஷனும் காரணமாக இருக்கலாம். நோயாளியை அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது என்று மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிகளே சொல்கின்றன. "வேற இடத்துல எடுத்தா பார்ப்பீங்களா சார்?" என்று மரியாதையாக கேட்பதில் தப்பே இல்லை.

பவுடரில் ஏமாந்தால் பணம் காலி

இவ்வளவும் பார்த்து பார்த்து இடம் பிடித்த பிறகு, நம்மாளே கெடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. வயிறு சுத்தம்.

டெஸ்டுக்கு முந்தைய நாள் பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கலந்து குடிக்க சொல்வார்கள். உப்பு கரிக்கும். குமட்டும். பாதி குடித்து விட்டு மீதியை வாஷ்பேசினில் ஊற்றுகிறவர்கள் தான் அதிகம். குடலில் மலம் இருந்தால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. டெஸ்டை நிறுத்தி விட்டு வேறு நாள் வரச் சொல்வார்கள். இரண்டாவது தடவை மறுபடியும் காசு, மறுபடியும் கூலி, மறுபடியும் அதே பவுடர்.

அதற்கு 2, 3 நாள் முன்பு இருந்தே கீரை, தக்காளி, கத்தரிக்காய், கொய்யா போன்ற நார், விதை உள்ள சாப்பாட்டை நிறுத்த வேண்டும். முந்தைய நாள் ஆஸ்பத்திரியில் சொன்னபடி தெளிவான தண்ணி ஆகாரம் தான். இளநீர், பால் இல்லாத டீ, குளுக்கோஸ் தண்ணீர் இருக்கலாம். சிவப்பு கலர் சர்பத் குடித்தால் உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். ஜிகர்தண்டாவை ஒரு நாள் மறந்து விட வேண்டியது தான். நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டே பவுடர் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும்.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள், ரத்தத்தை இளக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரை சாப்பிடும் இருதய நோயாளிகள், சத்து குறைவுக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேதி வாங்கும் அன்றே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று அவர் தான் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்துவது ஆபத்து. கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு எல்லா பவுடரும் ஒத்துக் கொள்ளாது.

மயக்க ஊசி போட்டால் அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது. மூட்டையும் தூக்கக் கூடாது. அந்த ஊசி வேண்டாம் என்று சொல்லி செலவை குறைக்கிறவர்களும் உண்டு. வலி தாங்குகிறவர்களுக்கு அப்படியும் செய்யலாம். ஆனால் டாக்டர் சம்மதத்தோடு தான்.

சதை எடுத்து அனுப்பி இருந்தால், டியூப் ரிப்போர்ட் வந்ததோடு வேலை முடியவில்லை. லேப் ரிப்போர்ட் வர ஒரு வாரம் வரை ஆகலாம். வலி இல்லை, ரத்தம் நின்று விட்டது என்று அதை வாங்காமலேயே விட்டு விடுகிறார்கள் பலர். எந்த தேதிக்கு வர வேண்டும் என்று அங்கேயே சீட்டில் எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுவதாக இருந்தால் ரிப்போர்ட்டோடு சதை துண்டின் 'பிளாக்', 'ஸ்லைடு' இரண்டையும் லேப்பில் கேட்டு வாங்கலாம். அது கையில் இருந்தால் புது இடத்தில் மறுபடியும் டியூப் விடாமல், அதையே பார்த்து முடிவு சொல்ல வாய்ப்பு இருக்கிறது.